மாறாத ஸ்கிரிப்டும் மாறிய விண்டோஸும்

பணியாளர் கணினிக்குள் நுழைந்தவுடன் தானாக ஓடி, சர்வரிலுள்ள பொதுக் கோப்புறைகளை டிரைவ்களாக இணைத்துத் தருவது லாகான் ஸ்கிரிப்ட். 1993இல் விண்டோஸ் என்.டி. வெளிவந்த காலம் முதல், சில வரிகளே கொண்ட இத்தகைய ஸ்கிரிப்டுகள் பல அலுவலகங்களில் திருத்தமின்றித் தொடர்ந்தன. நுழைந்த பயனருக்கு ஒரே அடையாளம்தான் உண்டு என்பது அவற்றின் எழுதப்படாத அனுமானம்.

2006 நவம்பரில் நிறுவனங்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா அவ்வனுமானத்தைத் தகர்த்தது. தீநிரல்கள் நிர்வாகியின் அதிகாரத்தைக் கைக்கொள்வதைத் தடுக்க, 'யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல்' என்னும் ஏற்பாடு நிர்வாகிக் கணக்கினருக்கு முழு உரிமை, குறைந்த உரிமை என இரு டோக்கன்களை வழங்கியது. குரூப் பாலிசி வழியே வந்த ஸ்கிரிப்ட் முழு உரிமையில் ஓடியது. டெஸ்க்டாப்போ குறைந்த உரிமையில் இயங்கியது. ஒன்றில் இணைந்த டிரைவ் மற்றொன்றில் தென்படவில்லை. ஸ்கிரிப்ட் பிழையின்றி முடிந்ததால் பிழைச்செய்தியும் எழவில்லை. பழுது பார்த்தோர் குற்றமற்ற வரிகளையே திரும்பத் திரும்பச் சோதித்தனர்.

மைக்ரோசாஃப்ட் காட்டிய வழி, ஸ்கிரிப்டை டாஸ்க் ஷெட்யூலர் மூலம் பயனரின் குறைந்த உரிமையிலேயே ஓடச் செய்வது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து இணைப்புகளை இரு பக்கமும் தெரியச்செய்யும் எளிய வழியும் இருந்தது. அது பாதுகாப்பைக் குறைக்கலாம் என அந்நிறுவனமே எச்சரித்தது. பழைய வசதியை மீட்பதா, புதிய காப்பைப் பேணுவதா என்னும் முடிவு அலுவலகக் கணினிப் பொறுப்பாளரின் தலையில் விழுந்தது.

2013இல் விண்டோஸ் 8.1, குரூப் பாலிசி ஸ்கிரிப்டுகளை இயல்பாகவே ஐந்து நிமிடம் தாமதித்தது. அப்போதும் ஸ்கிரிப்டின் வரிகளில் குறையில்லை. இவ்வரலாற்றில் மேம்படுத்தலுக்குப் பின் முதலில் எழவேண்டிய கேள்விகள் இரண்டு: ஸ்கிரிப்ட் யாருடைய உரிமையில் ஓடுகிறது? எப்போது ஓடுகிறது?