குருதியின் குடியிருப்பு

சாரம் செந்நீராகும், செந்நீர் ஊனாகும், ஊன் கொழுப்பாகும், கொழுப்பு என்பாகும், என்பு மஜ்ஜையாகும் என்று நம் பண்டை வைத்திய நூல்கள் தாதுக்களை வரிசைப்படுத்தின. அதன்படி இரத்தம் முந்தியது, மஜ்ஜை பிந்தியது. 1868-ல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் நாய்மன் கண்ட உண்மை இவ்வரிசையைத் தலைகீழாக்கிற்று. எலும்புக்குள்ளிருக்கும் மஜ்ஜையே இரத்தத்தை ஈன்றெடுக்கும் தாய் என்றார் அவர். முன்னோர் மொழிந்தது என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. ஆராய்ந்து கண்டதே மெய்.

1961-ல் கனடா நாட்டில் டில், மக்கல்லா என்னும் இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேற்றெலியின் மஜ்ஜையைச் செலுத்தி, இரத்த வகைகளுக்கு வித்தாகும் அணுக்கள் அதிலுண்டென நிறுவினர். இவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம். இவ்வறிவின் வழியே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லும், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987-லும் பிறர் மஜ்ஜையை ஏற்றும் சிகிச்சை தொடங்கிற்று.

வித்து மட்டும் போதுமா? பால்மரத் தோட்டத்தில் உழைப்போரைக் கேளுங்கள். நாற்று எத்துணை உயர்ந்ததாயினும் சாரமற்ற மண்ணில் தழையாது என்பர். 1978-ல் மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர் ரேமண்ட் ஸ்கோபீல்டு இதையே சொன்னார்: குருத்தணுவின் ஆற்றல் அது குடியிருக்கும் மாடத்தையும் பொறுத்தது.

அம்மாடமும் மூப்படைகிறது. குழந்தையின் எலும்பெல்லாம் நிறைந்திருந்த செம்மஜ்ஜை, வளர வளரச் சுருங்கி, அவ்விடத்தில் கொழுப்பு சேர்கிறது. முதுமையில் குருத்தணுக்கள் எண்ணிக்கையிற் பெருகியும் திறனிற் குன்றுகின்றன. நோயெதிர்க்கும் நிணவணுக்களை ஈனும் வலிமை குறைகிறது. மூத்த எலிகளின் மஜ்ஜையில் நரம்புகள் நலிவதே இதற்கொரு காரணமென்றும், அந்நரம்பின் வேலையை மருந்தால் ஈடுசெய்ய அணுக்கள் ஓரளவு புத்துயிர் பெற்றனவென்றும் 1918-க்குச் சரியாக நூறாண்டு கழித்து, 2018-ல், ஓர் ஆய்வு காட்டிற்று. ஆனால் 2021-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், முதிய அணுக்களை இளம் எலியின் மஜ்ஜையில் குடியேற்றியும் அவை முழு இளமையை மீட்கவில்லை. வித்தும் நிலமும் சேர்ந்தே மூக்கின்றன.

இதனால் நாம் பெறும் பாடம் இரண்டு. முதுமைத் தளர்ச்சியைத் தலையெழுத்தென்று கைகட்டியிருத்தல் அறியாமை. அதன் காரணங்கள் ஆராயத்தக்கவை. காயகற்பமென்றும் குருத்தணு ஊசியென்றும் இளமையை விலைகூறுவோரிடம், உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டுதல் அதனினும் பேரறியாமை. எலியிடத்தே கைகூடாத முழு இளமையை இவர்கள் எங்கிருந்து கொணர்வர்? தோழர்களே, பகுத்தறிந்து கேளுங்கள்!