நாள்பட்ட நிணநீர்ச்செல் இரத்தப் புற்றுநோய்: மரபணு மாற்றங்களும் நோய்ப்போக்கும்

மருத்துவர்கள் சுருக்கமாக சிஎல்எல் என்று குறிப்பிடும் இந்தப் புற்றுநோய், பி செல் என்னும் வெள்ளணு வகையில் தோன்றுவது. பெரும்பாலும் முதியவர்களுக்கு வருவது. ஒருவர் சிகிச்சையே இல்லாமல் பல ஆண்டுகள் நடமாடுவார். இன்னொருவருக்குச் சில ஆண்டுகளிலேயே முற்றிவிடும்.

1975இல், ஜோத்பூரில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய கான்டி ராய், நிணநீர்க் கணு வீக்கம், மண்ணீரல் வீக்கம், இரத்தசோகை, தட்டணுக் குறைவு ஆகியவற்றைக் கொண்டு நோயை நிலைகளாகப் பிரித்தார். 1981இல் பிரான்சின் பினே அதை ஏ, பி, சி என மூன்றாகச் சுருக்கினார். கையால் தடவிப் பார்த்தும் இரத்த அணுக்களை எண்ணியுமே கணிக்கலாம் என்பதால் இரண்டும் இன்றும் வழக்கில் உள்ளன. ஆனால் தொடக்க நிலையில் வருவோரில் யாருக்கு நோய் வேகமெடுக்கும் என்று அவற்றால் சொல்ல முடியவில்லை.

விடை 1999இல் 'பிளட்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகளாக வந்தது. ஒன்று இங்கிலாந்தின் டெரி ஹாம்ப்ளின், ஃப்ரீடா ஸ்டீவன்சன் குழுவினுடையது; மற்றது நியூயார்க்கின் நிக்கோலஸ் கியோராட்சி குழுவினுடையது. கிருமியை எதிர்கொள்ளும் பி செல், தன் எதிர்ப்பொருளைக் கூர்மையாக்க ஐஜிஹெச்வி மரபணுவைத் தானே மாற்றிக்கொள்வது இயல்பு. பிறப்பில் வந்த வடிவிலிருந்து அது 2 சதவீதத்துக்கும் மேலாக விலகியிருந்தால் 'மாறியது' என்பார்கள். ஹாம்ப்ளின் ஆராய்ந்த 84 பேரில், ஏ நிலையில் இருந்தோரின் இடைநிலை ஆயுள், மரபணு மாறியவர்களுக்கு 293 மாதங்கள். மாறாதவர்களுக்கு 95 மாதங்கள். மாற்றம் என்றாலே கேடு என்று பழகிய நமக்கு இது தலைகீழ்க் கணக்கு. பரிசோதனை அறிக்கையில் 'மாறியது' என்ற சொல்லைக் கண்டு கலங்குவோர், அது எந்த மரபணு என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏனெனில் டிபி53 மரபணுவில் கதை வேறு. பழுதுபட்ட செல்லைச் சாகத் தூண்டும் காவல் மரபணு அது. கீமோதெரபி மருந்துகள் செல்லின் டிஎன்ஏவைப் பழுதாக்கிக் கொல்பவை. காவல் இல்லாத செல் பழுதோடே வாழ்ந்து பெருகும். ஜெர்மனியின் ஹார்ட்மூட் டோனர் 2000இல் 325 நோயாளிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். டிபி53 அமைந்துள்ள 17ஆம் குரோமோசோமின் குறுங்கரம் இழந்தவர்களின் இடைநிலை ஆயுள் 32 மாதங்கள். 11ஆம் குரோமோசோமின் நெடுங்கரத்தில் இழப்பு இருந்தவர்களுக்கு 79. 13ஆம் குரோமோசோமில் மட்டும் இழப்பு இருந்தவர்களுக்கு 133. குரோமோசோம் முழுதாக இருந்து டிபி53 மட்டும் பிறழ்ந்திருந்தாலும் நோய் கடுமையானதே. 2011இல் நாட்ச்1, எஸ்எஃப்3பி1 பிறழ்வுகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

இந்த எண்கள் எல்லாம் கீமோதெரபி காலத்தவை. 2014இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற இப்ரூட்டினிபும் 2016இல் வந்த வெனெட்டோகிளாக்ஸும் டிபி53இன் துணையின்றியே செல்லைக் கொல்வதால், 17ஆம் குரோமோசோம் இழப்பு உள்ளவர்களின் நிலை வெகுவாக மேம்பட்டது. ஆனால் புதிய மருந்துக்கும் புதிய பிறழ்வு முளைத்தது: இப்ரூட்டினிப் பற்றிக்கொள்ளும் பிடிகே புரதத்தின் 481ஆம் இடம் மாறினால் மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது.

ஐஜிஹெச்வி நிலை நோயின் போக்கில் மாறாதது என்பதால் ஒருமுறை பார்த்தால் போதும். டிபி53 பிறழ்வு இடையிலும் தோன்றக்கூடும். ஆகவே ஒவ்வொரு புதிய சிகிச்சைக்கு முன்பும் அதை மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.