சாராயம்: 'சாரம்' எப்படிக் கெட்ட வார்த்தை ஆச்சு?

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர்ல இருந்து ஒரு நேயர் கேட்ட கேள்வி இது: "சாராயம்னா என்ன அர்த்தம்?"

சங்க இலக்கியத்துல கள், நறவு, தேறல், தோப்பின்னு குடிக்கு நிறைய பேர் உண்டு. எல்லாமே புளிக்க வைக்கிற வகை. சாராயம் வேற, அது காய்ச்சி வடிக்கிறது. வெல்லமும் மரப்பட்டையும் போட்ட ஊறலைச் சூடாக்கினா, ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், தண்ணிக்கு 100 வேணும். அதனால முதல்ல மேல வர்ற ஆவியில ஆல்கஹால்தான் அதிகம். அது குளிர்ந்த இடத்துல பட்டுச் சொட்டுச் சொட்டா இறங்கும்.

இந்தச் சொட்டைப் பார்த்த அரபுக்காரங்க வச்ச பேர் 'அரக்'. அப்படின்னா வியர்வை! துருக்கியோட ராக்கி, நம்ம ஊர் ஆங்கிலத்துல இருக்கிற அராக் எல்லாம் அதோட பிள்ளைங்கதான். தமிழ் வேற பக்கம் பார்த்தது. ஊறல்ல இருந்து பிரிச்செடுத்த சாரம், அதனால சாராயம். எனக்கு நம்ம பேர்தான் கொஞ்சம் கௌரவமாப் படுது.

ஆனா அந்தக் கௌரவம் இங்க நிலைக்கல. 1937ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். ஆவூர் அப்போ புதுக்கோட்டை சமஸ்தானம், மெட்ராஸ் மாகாணச் சட்டம் அங்க செல்லாது. 1948ல சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சது. மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்ததும் அதே வருஷம்தான். அப்புறம் 1971ல கடையைத் திறந்தாங்க, ரெண்டே வருஷத்துல சாராயக் கடையை மூடினாங்க. 1981ல எம்.ஜி.ஆர். மறுபடி திறந்து 1987ல மூடினார். கடைசியா வந்த மலிவு விலை மதுவும் 1991ல நின்னுபோச்சு. பாட்டில் மது மட்டும் தப்பிச்சது. 2003ல இருந்து அதோட சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில.

இதுல சொல்லும் ரெண்டாப் பிரிஞ்சுது. கடையில வாங்கினா 'சரக்கு'. ஏழை ஒளிஞ்சு குடிச்சா 'சாராயம்'. இவ்வளவுக்கும் அந்த பாட்டில்ல பெரும்பாலும் இருக்கிறது கரும்பாலை மொலாசஸ்ல இருந்து வடிச்ச ஸ்பிரிட். அதுவும் சாராயம்தானே? இலங்கைத் தமிழர்கிட்ட கேளுங்க, அங்க லைசென்ஸோட விக்கிற தென்னஞ்சாராயம் சாராயமே. திருட்டுத்தனமாக் காய்ச்சினது 'கசிப்பு'.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தப்போ, எல்லாத் தலைப்புச் செய்தியிலும் 'கள்ளச்சாராயம்'. அந்தப் பாக்கெட்ல இருந்தது மெத்தனால், தொழிற்சாலையில பயன்படுற விஷம். குடிச்சவங்களுக்கு அது தெரியாது. "சாராயம் குடிச்சான், செத்தான்"னு பல பேர் ஒரே வரியில முடிச்சுட்டாங்க. மெத்தனாலை வித்தது யார்ங்கிற கேள்வி அந்த வரியில இல்லவே இல்ல.