காந்தல்: ஒரு வலியின் வரலாறு

எண்டோமெட்ரியோசிஸ் என்ற சொல்லுக்கு ஏறக்குறைய நூறு வயசு. 1920களில் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் வேலை பார்த்த ஜான் சாம்ப்சன் என்ற பெண்நோய் மருத்துவர்தான் அதைப் பரப்பினார். கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு, இருக்கக்கூடாத இடத்தில், அதாவது சினைப்பையில், குடலின் மேல், சிறுநீர்ப்பையில், வயிற்றின் உள்சவ்வில் ஒட்டி வளர்கிற நோய் இது. மாதவிலக்கு ரத்தத்தில் ஒரு பங்கு கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் இப்படி ஒட்டுகிறது என்று 1927இல் அவர் சொன்னார். பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் சிலருக்குத்தான் வருகிறது. ஏன் என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேர், அதாவது பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. ஆனால் வலிக்குச் சொல் பஞ்சமே இல்லை. சுருக்குங்குது, விண்விண்ணுங்குது, இழுத்துப் புடிக்குது, குடையுது, கடுக்குது, காந்துது. பருத்தி எடுக்கிற, சின்ன வெங்காயம் அறுக்கிற பெண்கள் இந்தச் சொற்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக மாற்றிச் சொல்ல மாட்டார்கள். குடைவது வேறு, காந்துவது வேறு.

கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. 1989இல் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களின் பெண்களைப் பரிசோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். 650 பெண்கள். அவர்களில் 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய் இருந்தது. சராசரியாக ஒருவருக்கு 3.6 நோய்கள். அதற்கு முன் ஒரு தடவையாவது பெண்நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம். கட்சிரோலி எங்கோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். அதுவரை பெரிய வைத்தியம் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறணும்.

வலியைக் கேட்காமல் இருப்பதற்கு மருத்துவமே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தது. பாஸ்டனின் ஜோ மெய்க்ஸ் 1940களில், இது வசதியான வீட்டுப் பெண்கள் கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போடுவதால் வருகிற நோய் என்று எழுதினார். சீக்கிரம் கட்டிக்கொடுங்கள், சீக்கிரம் பெற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் யோசனை. "கல்யாணம் ஆனா சரியாயிடும்", "ஒண்ணு பெத்துட்டா எல்லாம் அடங்கிடும்" என்று எங்கள் ஊர்த் திண்ணையில் சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கதையை உடைத்தவர்களில் முக்கியமானவர் டொனால்ட் சாட்மன். 1976இல் அவர் கறுப்பினப் பெண்களை லேப்ராஸ்கோப்பி வழியாகப் பார்த்தபோது, ஐந்தில் ஒருவருக்கு மேல் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது. அவர்களில் பலருக்கு முன்பு இடுப்புக்குழித் தொற்று என்று எழுதப்பட்டிருந்தது. ஏழைகளுக்கு இந்த நோய் வராது என்று நம்பியதால் யாரும் தேடவில்லை, தேடாததால் கிடைக்கவில்லை.

சாஃப்ட்வேர் வேலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வாடிக்கையாளர் சொல்கிற பிழை நம்ம கணினியில் வரவில்லை என்றால் 'கேனாட் ரீப்ரொடியூஸ்' என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். ஸ்கேன் நார்மல், போய்ட்டு வாங்க என்பதும் அதேதான். வயிற்றுச் சவ்வில் மெல்லிசாகப் படர்ந்த எண்டோமெட்ரியோசிஸ் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. இதைவிடக் குழப்பம், நோயின் அளவும் வலியின் அளவும் பொருந்துவதில்லை. வயிறு முழுக்கப் பரவியும் வலியே இல்லாதவர்கள் உண்டு. நாலு புள்ளிக்குத் துடித்துப் போகிறவர்களும் உண்டு.

அப்படியானால் வலி எங்கே இருக்கிறது? ரொம்ப காலம் எல்லோரும் ஹார்மோனையே பார்த்தார்கள். 1970களில் டானசோல் வந்தது. மூளை அனுப்பும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைக் கண்டறிந்த ரோஜே கியமின், ஆண்ட்ரூ ஷாலி இருவரும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அதன் ஏற்பியைக் கட்டுப்படுத்தி ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்துகள் பின்னால் வந்தன. பலருக்கு இவை உதவுகின்றன. ஆனால் ஈஸ்ட்ரோஜனை ரொம்பக் குறைத்தால் உடம்பு கொதிக்கும், எலும்பு தேயும். பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் இவற்றை எடுத்துக்கொண்டே முயற்சி செய்ய முடியாது.

நரம்பின் கதை வேறு பக்கமிருந்து வந்தது. யூதர் என்பதால் வேலை பறிபோய், இரண்டாம் உலகப் போரின்போது படுக்கையறையிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக் கோழிக்கருவை ஆராய்ந்தவர் இத்தாலியின் ரீட்டா லெவி-மொந்தால்சினி. 1950களில் அவர் அடையாளம் கண்ட நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு 1986இல் நோபல் கிடைத்தது. எண்டோமெட்ரியோசிஸ் திசுவில் அந்தப் பொருள் நிறைய சுரக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஃபுளோரிடாவில் கேரன் பெர்க்லி எலிகளில் செய்த ஆய்வுகளில், ஒட்டி வளர்ந்த திசு தனக்கென்று நரம்பு இணைப்பையே உண்டாக்கிக்கொள்வது தெரிந்தது. மின்திருட்டுக்குக் கொக்கி போடுகிற மாதிரி. கொக்கி விழுந்த பிறகு தண்டுவடமும் மூளையும்கூட மாறிப்போகின்றன. சின்ன சிக்னலும் பெரிய வலியாகக் கேட்கும்.

நரம்பு முனையில் இருக்கிற ஏற்பி என்பது, ஒரு குறிப்பிட்ட சேதிக்காகக் காத்திருக்கிற லிசனர். அந்தச் சேதி வந்தால் திறக்கும், மற்றதற்குத் திறக்காது. அதில் புகழ்பெற்றதைக் கண்டுபிடிக்க உதவியது மிளகாய். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தது. டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். சூடு பட்டாலும் அதே ஏற்பிதான் திறக்கும். 2021இல் ஜூலியஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எண்டோமெட்ரியோசிஸ் வலியிலும் அந்த ஏற்பிக்குப் பங்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மிளகாய் பட்ட கைக்கும் அடிவயிற்றுக்கும் 'காந்துது' என்ற ஒரே சொல்லை வைத்தவர்கள் ஏற்பியைப் பார்த்ததில்லை. ஆனாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

2021இல் ஆக்ஸ்ஃபோர்டின் கிரீனா ஸோண்டர்வான் குழுவும் கூட்டாளிகளும், நோய் தொடர்ந்து வரும் குடும்பங்களையும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள ரீசஸ் குரங்குகளையும் ஆராய்ந்து என்பிஎஸ்ஆர்1 என்ற ஏற்பியின் மரபணுவைக் குறிவைத்தார்கள். அந்த ஏற்பியை அடைத்தபோது எலிகளின் வயிற்றில் வீக்கமும் வலியும் குறைந்தன. 2024இல் பாஸ்டனில் மைக்கேல் ராஜர்ஸ் குழு இன்னும் ஒரு படி போனது. வலி நரம்புகள் சிஜிஆர்பி என்ற பொருளை விடுகின்றன. குப்பை அள்ள வேண்டிய நோயெதிர்ப்பு செல்கள் அதை ஏற்பி வழியாக வாங்கியதும் வேலையைக் கெடுத்துக்கொண்டு, நோய்த் திசு வளர உதவுகின்றன. அதாவது, நரம்பு வலியைத் தெரிவிப்பதோடு நிற்கவில்லை, நோயையும் வளர்க்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் சிஜிஆர்பி தடுப்பு மருந்துகளைக் கொடுத்தபோது, எலிகளில் வலியும் திசுவின் அளவும் குறைந்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் தலைவலி மாத்திரை வாங்க ஓட வேண்டாம். எலியில் பலித்தது மனிதரில் பலிக்கும் என்று உறுதியில்லை. பி2எக்ஸ்3 என்ற இன்னொரு வலி ஏற்பியை அடைக்கும் எலியபிக்சன்ட் மருந்தை எண்டோமெட்ரியோசிஸ் பெண்களிடம் சோதித்துக்கொண்டிருந்த பேயர் நிறுவனம், 2022இல் அதைக் கைவிட்டது.

ஆய்வகம் மெதுவாகத்தான் நகரும். ஆனால் கத்தி வேகமாக நகர்கிறது. 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் அறுவை செய்துகொண்ட இடைநிலை வயது 34. பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு அல்லது வலி. மூன்றில் இரண்டு பங்கு நடந்தது தனியாரிடம். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதலை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

செந்துறைப் பக்கம் என் பெரியம்மா ஒருத்தங்க 33 வயசில் எடுத்துக்கிட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்குன்னு கேட்டேன். "கர்ப்பப்பைய எடுத்தாங்கப்பா, வலிய எடுக்கல"ன்னாங்க. அவங்களுக்கு இருந்தது என்ன நோய் என்று எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை. எண்டோமெட்ரியோசிஸாக இருந்தால், திசு கர்ப்பப்பைக்கு வெளியே இருப்பது, அதில் நரம்பு கொக்கி போட்டிருப்பது. பையை மட்டும் எடுத்தால் வலி தங்கிவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

2023இல் வந்த மிகப் பெரிய எண்டோமெட்ரியோசிஸ் மரபணு ஆய்வில் நோயுள்ள பெண்கள் 60,674 பேர். எல்லோரும் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். நாளைய மருந்து எந்த ஏற்பியைக் குறிவைக்கும் என்பதை இப்படிப்பட்ட தரவுகள்தான் தீர்மானிக்கப்போகின்றன. அந்தத் தரவில் நாம் இல்லை. மும்பையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இனப்பெருக்க நல நிறுவனத்தில் ராகுல் கஜ்பியே தலைமையில், இந்தியப் பெண்களின் விவரங்களையும் மரபணுவையும் பல மையங்களில் சேகரிக்கும் வேலை நடக்கிறது. அது முடிந்து மருந்தாகக் கைக்கு வர நாளாகும்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியதற்கு எந்த மெஷினும் வேண்டாம். ஜெயங்கொண்டத்திலோ குன்னத்திலோ வயிற்றுவலி என்று வருகிற பெண்ணிடம் நாலு கேள்வி கேட்கலாம். எந்த நாட்களில் வலிக்குது? வெளிக்குப் போகும்போது, சிறுநீர் கழிக்கும்போது வலிக்குதா? புருஷனோடு சேரும்போது வலிக்குதா? குடையுதா, இழுக்குதா, காந்துதா? பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே சீட்டில் எழுதணும். அறுவை வேண்டுமா என்று பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.