பலகாரத்தில் பழம் எங்கே?

தீபாவளிக்கு முந்தைய வாரம் சேலம், நாமக்கல் பக்கம் யார் வீட்டு வாசலில் நின்றாலும் காதில் விழும் கேள்வி, "பலகாரம் சுட்டாச்சுங்களா?" என்பதுதான். முறுக்கு, அதிரசம், தட்டுவடை, எள்ளடை, கச்சாயம் எல்லாம் அதற்குள் அடக்கம். பழம் மட்டும் கிடையாது. வீட்டுக்குள் வாழைத்தாரே தொங்கினாலும் அதைப் பலகாரக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் அந்தச் சொல் பிறந்ததே பழத்திலிருந்துதான்.

வடமொழியில் பலம் என்றால் பழம், ஆஹாரம் என்றால் உணவு. இரண்டும் சேர்ந்தால் பலாஹாரம். வடமொழி ஹகரம் தமிழுக்கு வரும்போது ககரமாவது வழக்கம். தேஹம் தேகமாயிற்று, விவாஹம் விவாகமாயிற்று. அதே வழியில் பலாஹாரம் பலாகாரமாகி, நடுவில் இருந்த நெடில் பேச்சுவாக்கில் குறுகிப் பலகாரம் ஆயிற்று. 'பல காரம்' என்று பிரித்துப் பொருள் சொல்வாரும் உண்டு. அப்படியானால் அதிரசத்தை எந்தக் காரத்தில் சேர்ப்பது? நமக்குச் சாட்சி அக்கம்பக்கத்து மொழிகள். தெலுங்கில் பலஹாரம், கன்னடத்தில் பலாஹார, மராத்தியில் பராள். நான்கும் ஒரு வேரில் கிளைத்தவை.

ஆரம்பத்தில் இது விரதச் சொல். விரத நாளில் அன்னம் ஆகாது, பழம், பால், கிழங்கு ஆகும். அந்த ஆகுமானவற்றுக்குப் பெயர் பலாஹாரம். எது அன்னம், எது அன்னமில்லை என்பதில்தான் ஊருக்கு ஊர் வழக்கு மாறியது. மராட்டிய நாட்டில் ஏகாதசிக்கு அரிசி, கோதுமை போன்ற தானியங்கள் கூடாது. நம் பக்கம் கோடு கொஞ்சம் இளக்கம். சோறுதான் விலக்கு, அமாவாசை இரவோ கிருத்திகை இரவோ இட்லி, தோசை, ரவை உப்புமா சாப்பிடலாம். "இன்னைக்கு ராத்திரி பலகாரம்தான்" என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். இட்லியில் அரிசிதானே இருக்கிறது என்று அவர்களிடம் வாதம் பண்ணிப் பயனில்லை. ஆந்திரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், விரதமே இல்லாத நாளிலும் காலை டிபனுக்குப் பலஹாரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மராத்திப் பராளும் தமிழ்ப் பலகாரமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே தீபாவளிப் பராள் என்றால் சக்லி, சேவ், கரஞ்சி. நம் முறுக்கு, ஓமப்பொடி, சோமாசியின் உடன்பிறப்புகள். பட்டினிக்கு மாற்றாக இருந்த சொல் இரு மொழியிலும் எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கிவிட்டது.

இந்தச் சொல்லின் பழைய பொருளை இன்றும் மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்புகிற ஊர் சேலம். மராட்டிய விரதக்காரரின் சாபூதானா கிச்சடியில் இருப்பது நம் ஜவ்வரிசி. மலேயாவில் 'சாகு' என்ற பனை மரத்தின் மாவில் செய்ததுதான் அசல் சேகோ, அதாவது ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் அந்த இறக்குமதி நின்றது. 1940களில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். மரவள்ளியை இங்கே குச்சிக்கிழங்கு என்போம். கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் ஈர மாவை உதிர்த்து, தொட்டில் போன்ற துணியில் ஆட்டுவார்கள். ஆட்ட ஆட்ட மாவு மணி மணியாக உருளும். பிறகு சூட்டில் வறுத்து, களத்தில் காயவைப்பது. வியாபாரத்துக்காக 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கிலிருந்து வருவதால் அது தானியமில்லை, ஆகவே விரதத்துக்கு ஆகும். சேலத்துக்காரர் அதை விரதத்துக்கா வாங்குகிறார்? வடகம் போடவும் பாயசம் வைக்கவும்தான்.

அந்தக் கிழங்குக்கு இடம் கொடுத்தது கொல்லிமலை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலைக்காடுகளில் கடந்த அரை நூற்றாண்டில் குச்சிக்கிழங்கு ஏறியது. காரணம் புரியாததில்லை. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. சாமையை உரலில் குத்தித் தோல் நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கிற வேலை. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களை மீட்க வேலை செய்தபோது, விதையைப் போலவே தோல் நீக்கும் இயந்திரத்துக்கும் கவனம் கொடுத்தது அதனால்தான். அடுத்த ஊரின் விரத உணவு நம் மலையின் அன்றாட உணவை ஓரங்கட்டிய இந்தக் கதை, பலகாரத்தின் வரலாற்றில் சேர்க்கப்பட வேண்டியது.

இப்போது, பழத்தோடு சமையலறையில் புதிதாக வந்திருக்கும் பண்டத்துக்கு வருவோம். ஓட்ஸோ சாமை அவலோ போட்டு, வாழைப்பழம் பிசைந்து, உலர்திராட்சை தூவி, ஓவனில் வேகவைத்து, காலையில் பாலோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். பெயர் 'பிரேக்ஃபாஸ்ட் குக்கீ'. பிஸ்கட் என்றால் கடையில் வாங்குவது, குக்கீ என்றால் வீட்டில் செய்தது என்று ஒரு வேற்றுமை தானாகவே உருவாகியிருக்கிறது. பிஸ்கட் லத்தீன் வழியில் 'இருமுறை வெந்தது'. கப்பலில் மாதக்கணக்கில் கெடாமலிருக்கச் சுட்ட ரொட்டி. போர்த்துக்கீசியர் வாயில் பிஸ்கோய்த்து, நம் தாத்தாக்கள் வாயில் பிஸ்கோத்து. குக்கீ வேறு வீட்டுப் பிள்ளை. டச்சு மொழியில் 'கூக்' என்றால் கேக், 'கூக்யே' என்றால் குட்டிக் கேக். இன்றைய நியூயார்க், 1664இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை டச்சுக்காரர் ஊர்; அங்கிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் அது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் நூலாகக் கருதப்படும் அமீலியா சிம்மன்ஸின் 'அமெரிக்கன் குக்கரி' 1796இல் வெளிவந்தது. குக்கீ அதில் இடம்பிடித்துவிட்டது.

அதே 1796இல் டச்சுக்காரர் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து இலங்கையை விட்டுப் போனார்கள். போகும்போது இந்தச் சொல்லை அங்கேயும் விட்டுவிட்டுப் போனார்கள். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடும் கொக்கிஸ், இந்தக் கூக்யேதான். ஆனால் பண்டம் என்ன தெரியுமா? அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கரைத்து, பூ வடிவ இரும்பு அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டு உதறி எடுப்பது. நம்மூர் அச்சு முறுக்கேதான். அச்சின் மேல்விளிம்புவரை முக்கினால் முறுக்கு கழன்று விழாது, முக்கால்வாசிதான் முக்க வேண்டும். இந்தக் கைப்பக்குவம் இரண்டு கரையிலும் ஒன்று. ஆக, குட்டிக் கேக்காகக் கப்பலேறிய சொல் கொழும்பில் பலகாரமாகிவிட்டது. சேலத்துக்கு அமெரிக்கா சுற்றி வந்த குக்கீ, அச்சு முறுக்குக்குப் பெயரளவில் பங்காளி.

நடுவில் பழத்தின் பெயரில் ஒரு போலியும் உண்டு. பேக்கரிகளில் 'ஃப்ரூட் பிஸ்கட்' என்று சிவப்பும் பச்சையும் பதித்துத் தருவார்களே, அந்த டூட்டி ஃப்ரூட்டிக்கு இத்தாலிய மொழியில் 'எல்லாப் பழங்களும்' என்று பொருள். உள்ளே இருப்பது சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயமேறிய ஒரே ஒரு பப்பாளிக்காய். பழம்கூட இல்லை, காய்.

குக்கீயில் அசல் பழம் வேண்டுமானால் பரமத்தி வேலூர் ஏலத்தில் வந்திறங்கும் பூவன் போதும். தோல் புள்ளி விழுந்து கறுத்த பழம் இரண்டை மசித்துக்கொள்ளுங்கள். பிலிக்கல்பாளையத்து வெல்லம் அரை கப் பொடித்தது, வெண்ணெய் நூறு கிராம், நாமக்கல் முட்டை ஒன்று. இவற்றைக் குழைத்து, வாசம் வர வறுத்த கேழ்வரகு மாவு ஒரு கப், சாமை அவல் ஒரு கப், ஆப்பசோடா கால் ஸ்பூன், கைப்பிடி உலர்திராட்சை சேருங்கள். வெல்லத்திலும் பழத்திலும் இருக்கும் லேசான புளிப்பு சோடாவைக் கிளப்பிவிடும். கேழ்வரகில் கோதுமைபோல் இழுவை கிடையாது, அதனால் மாவு பொலபொலவென்று நிற்கும். பழமும் முட்டையும்தான் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரம் ஊறவிட்டுத் தட்டினால் அவல் ஈரத்தை வாங்கி, விளிம்பு வெடிக்காது. ஓவனில் 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஓவன் இல்லாவிட்டால் பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி, சின்னத் தீயில் 25 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளினால் ஆறியதும் கல்லாகிவிடும். பழ ஈரம் இருப்பதால் இரண்டு நாளைக்கு மேல் டப்பாவில் வைக்காதீர்கள். மாம்பழக் காலத்தில் சேலம் மல்கோவாவைப் போடலாமா என்று ஆசை வரும். சாறு மாவைக் கூழாக்கிவிடும்; வெயிலில் காயவைத்த துண்டு என்றால் சரி.

இதைப் 'பேக் பண்ணினேன்' என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தோசைக்கும் அடைக்கும் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் சுடுவது என்றே சொல்கிறோம், ஓவனுக்கும் அந்த வினை தாங்கும்.

விரதத்துக்கு ஆகுமா என்றால், மராட்டிய ஏகாதசிக்கு ஆகாது. கேழ்வரகு தானியம். நம் அமாவாசை இரவுக்குச் சோறு இல்லாததால் தாராளமாகப் பலகாரம்தான். முட்டையை மட்டும் விட்டுவிட்டு, பூவன் ஒன்றைக் கூடப் போட்டுக்கொள்ள வேண்டும்.