மாதோட்டத்தில் எம்பரதோர்

இலங்கையின் வடமேற்குக் கரையில், பெருநிலத்தோடு தாம்போதியால் இணைந்து கிடக்கும் மன்னார்த் தீவிலும், அதற்கெதிரே கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் மாதோட்டத்து வயலூர்களிலும், கத்தோலிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த நாட்டுக்கூத்துகளுள் ஒன்று 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' என்னும் பெயருடையது. தமிழ்ப் புலவர் ஒருவர் விருத்தமும் தருவுமாகப் பாடி, அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தோடு பழக்கி, உழவரும் மீனவரும் மேடையேறி ஆடிய ஒரு நூலின் தலைப்பில் ஐரோப்பியப் பேரரசன் ஒருவனின் பட்டம் இவ்வாறு வந்து அமர்ந்திருப்பது, வீரர்கதை எனப்படும் இலக்கியம் எவ்வழியாக இக்கரையை அடைந்தது என்னும் வினாவை எழுப்புகிறது.

அவ்வினாவுக்கான முதற்சான்று அத்தலைப்பிலேயே உள்ளது. 'எம்பரதோர்' என்பது பேரரசனைக் குறிக்கும் 'இம்பெரதோர்' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம். மன்னாரை 1658 முதல் ஆண்ட ஒல்லாந்தர் அதே பொருளுக்குக் 'கெய்சர்' என்பார்களாதலால், இப்பட்டம் அவர்கள் வாயிலாக வந்திருக்க வழியில்லை. 'எண்டிறீக்கு' என்னும் இயற்பெயர் மட்டும் ஒல்லாந்தரின் 'ஹென்ட்ரிக்' போல ஒலிப்பதால் ஐயம் தரலாம். ஆயினும் போர்த்துக்கேயப் பெயரான 'என்றீக்கி'யைத் தமிழில் எழுதும்போது வரும் 'ன்ற' என்னும் மெய்ம்மயக்கம், தமிழர் நாவில் இயல்பாகவே இடையில் ஒரு டகர ஒலியைப் பெற்றுவிடுவதால், 'என்றீக்கு' 'எண்டிறீக்கு' ஆவதற்கு ஒல்லாந்தரின் துணை வேண்டியதில்லை. ஆகவே தலைப்பின் இரு சொற்களையும் போர்த்துக்கேய வழியின என்று கொள்வதே பொருத்தம்.

போர்த்துக்கேயர் மன்னார்த் தீவில் கால்கொண்டது 1560ஆம் ஆண்டிலாகும். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1544இல், பிரான்சிஸ் சவேரியாரின் முயற்சியால் மதம் மாறிய மன்னார் மக்கள் பலரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்திருந்தான். நல்லூரைத் தாக்கி அங்கே நிலைகொள்ள முடியாமற்போன அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா, மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினான். எதிர்க்கரையிலிருந்து முத்துக்குளித்துறைப் பரவர் சிலரும் இங்கு குடியேற்றப்பட்டனர். அக்கோட்டைக்கு வந்த படைவீரரின் நாட்டில் ஆர்தர் மன்னனும் அவனது வட்டமேசை வீரரும் நன்கு அறியப்பட்டிருந்தனர். புனிதக் கிண்ணத்தைத் தேடிச் செல்லும் அவ்வீரரின் கதை போர்த்துக்கேய மொழியில் இடைக்காலத்திலேயே எழுதப்பட்டிருந்தது; 1385இல் அல்சுபரோத்தாப் போரை வென்ற தளபதி நூனோ அல்வாரிஸ் பெரெய்ரா, அக்கதையின் மாசற்ற வீரனான கலகாதைத் தன் முன்மாதிரியாகக் கொண்டவன் என்று அந்நாட்டு வரலாற்றேடு கூறுகிறது.

எனினும் மன்னார்க் கரையில் ஆர்தர் இறங்கவில்லை. இங்கு இறங்கியவர்கள் புனிதரான வீரரும் பேரரசரான பக்தருமே. இவர்களுள் முதலில் எண்ணத்தக்கவர் சந்தியோகுமையோர். இயேசுவின் சீடரான பெரிய யாகப்பருக்குரிய போர்த்துக்கேயப் பெயர் தமிழில் இவ்வுருவம் பெற்றது. மீன்பிடிகாரராயிருந்த இத்திருத்தூதரை ஐபீரிய மக்கள் வெள்ளைக்குதிரை ஏறி வாள்வீசி வரும் போர்வீரராகக் கண்டனர். அவர் பெயரால் ஒரு வீரர் சபையையும் நிறுவினர். தெல்லிப்பழை பேதுருப் புலவர் 1647இல் 'சந்தியோகுமையோர் அம்மானை'யை இயற்றினார். அம்மானை என்பது நீண்ட கதையைத் தொடர்ந்து பாடிச் செல்வதற்குரிய யாப்பு. மீனவராகவும் குதிரைவீரராகவும் ஒரே உருவில் காட்சிதரும் புனிதர், வலைவீசி வாழும் கரையோர மக்களின் மனத்தில் எளிதில் இடம்பெற்றதில் வியப்பில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. மாந்தையில் இருந்த மாதாவின் திருவுருவத்தை அடியார்கள் 1670இல் காட்டுக்குள் எடுத்துச் சென்றனர் என்பது மடுத்திருப்பதியின் வரலாறு. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகளும், 1705இல் வந்து தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும், மறைந்து வாழ்ந்த இச்சமூகங்களைத் தேடித்தேடிப் பேணினர். கோவாக் குருமாருக்குப் போர்த்துக்கேயம் கைவந்த மொழியாயிருந்தமையால், போர்த்துக்கேய ஆட்சி நீங்கிய பின்னரும் புனிதர் பெயர்கள் அம்மொழி உருவிலேயே வழங்கி, பிற்காலத்துப் புலவர் கைக்கு வந்து சேர்ந்தன.

புனிதர் கதைகளோடு முழு வீரர்கதைகளும் வந்தமைக்குத் தெளிவான சான்று 'ஊசோன் பாலந்தை கதை'. திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட இந்நூல், ஈழத்துத் தமிழ்ப் புனைகதை வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் பேசப்படுவது. ஓர்சன், வலன்டைன் என்னும் இரட்டையரைப் பற்றிய பிரெஞ்சு இடைக்காலக் கதையே இதன் மூலம். காட்டில் பிறந்த அவ்விருவருள் ஒருவனைக் கரடி வளர்க்கிறது. மற்றவன் அரசன் பெப்பினின் அவையில் வளர்ந்து வீரனாகி, தன் உடன்பிறப்பென்று அறியாமலேயே காட்டுமனிதனோடு பொருது அவனை வசப்படுத்துகிறான். பெப்பினின் மகனான சார்லமேன் பேரரசனையும் அவனது பன்னிரு வீரரையும் சூழ்ந்த கதைகள் கேரளக் கடற்கரையில் சவிட்டு நாடகம் என்னும் கத்தோலிக்க ஆட்டமாக உருப்பெற்றன. அவற்றுள் புகழ்பெற்ற 'காறல்மான் சரித'த்தைப் பாடியவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழ்ப் பெயர் கொண்டவர் என்பது, கொச்சி முதல் மன்னார் வரையிலான கடலோரத்தை ஒரே கூத்து வெளியாகப் பார்க்கத் தூண்டுகிறது. அதே பேரரசனின் கதையை ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சான் தோமே தீவினர் 'சிலோலி' என்னும் பெயரில் ஆடிவருவதும் இங்கு ஒப்பிடத்தக்கது.

கதை வந்த வழியைவிட அது நிலைத்த வழியே ஆழ்ந்து நோக்கத்தக்கது. மன்னாரில் ஒரு நாடகம் என்பது பல மாதப் பொது முயற்சி. கூத்தைப் பழக்குபவர் அண்ணாவியார். ஏடு அல்லது கொப்பி எனப்படும் கையெழுத்துப் பிரதி அவர் கையில் இருக்கும். யாருக்கு எந்த வேடம் என்பதைக் குரலையும் உடல்வாகையும் பார்த்து அவரே முடிவுசெய்வார். அவர் ஓர் அடியைப் பாட, ஆடுபவர் அதைத் திருப்பிப் பாடிப் பாடி மனத்தில் பதிப்பார். எழுத்தறியாத ஒருவரும் நூற்றுக்கணக்கான அடிகளை மனப்பாடமாகப் பெற்றது இம்முறையால்தான். பகலில் கடலிலோ வயலிலோ உழைத்தவர் இரவில் கூடிப் பழகினர். கோயில் திருநாளை ஒட்டியோ, நேர்த்திக்கடனாகவோ அரங்கேறும் நாடகம் ஓரிரவில் முடிவதில்லை. இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து, ஒவ்வொன்றும் விடியும்வரை செல்லும். அவ்வாறான நாடகத்தைச் சுருக்கி ஓரிரவுக்குள் அடக்கியது வாசகப்பா. மக்கள் அதனை வாசாப்பு என்பர்.

அரங்கில் ஒவ்வொரு வேடத்துக்கும் வரவு உண்டு. வரவு என்பது பாத்திரம் முதன்முதலில் தோன்றும்போது பாடியாடும் பகுதி. கட்டியகாரன் அரசனின் வருகையை அறிவித்தபின், அரசன் வந்து தன் நாட்டையும் குலத்தையும் வெற்றிகளையும் தானே பாடிச் சொல்வான். பக்கத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அவ்வடிகளை ஏந்திப் பாடுவர். உயர்ந்த மெட்டில் இராசா வேடத்தைத் தாங்கிப் பாடியவரை, கூத்து முடிந்து நெடுநாளான பின்னரும் ஊரார் அவ்வேடத்தின் பெயராலேயே அழைப்பது தமிழ்க் கூத்துலகில் பரவலான வழக்கம். நீண்ட வேடத்தைக் குரல் தாங்காதென்று இருவர் மூவர் பகிர்ந்து ஆடுவதும் உண்டு; உடல்கள் மாறினாலும் அரசன் ஒருவனே என்பதை அவையினர் தடையின்றி ஏற்பர்.

மேலைநாட்டில் வட்டமேசைக் கதை அண்மைக் காலத்தில் பெற்ற ஒரு வடிவம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. 1985இல் அமெரிக்கரான கிரெக் ஸ்டாஃபோர்ட் வடிவமைத்த 'கிங் ஆர்தர் பென்ட்ராகன்' என்பது நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வீரனின் பாத்திரத்தை ஏற்று, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, இருபது முகப் பகடையை உருட்டி விளைவுகளைத் தீர்மானிக்கும் ஆட்டமாகும். கற்பும் காமமும், இரக்கமும் கொடுமையும் போன்ற பதின்மூன்று எதிரிணைப் பண்புகளின் அளவு ஒவ்வொரு வீரனுக்கும் எண்ணால் குறிக்கப்படுகிறது. ஓர் அமர்வில் கதையுலகின் ஓராண்டு கழிவதென்பது அதன் பொது நடைமுறை; அதற்கென 2006இல் வெளியான பெருந்தொடர் எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதைக்காலத்தைக் கொண்டது. வீரன் மூப்படைந்தோ போரிலோ இறக்கும்போது, அதே ஆட்டக்காரர் அவன் மகனை ஏற்றுத் தொடர்கிறார். அங்கு சொற்கள் அமர்வில் பிறப்பவை, மன்னாரில் அவை ஏட்டில் முன்னரே நிற்பவை என்னும் வேறுபாடு பெரிது. ஆயினும் கதையை முழுதாக அறிந்த ஒருவர், அவரை நம்பிப் பல இரவுகளைக் கொடுக்கும் ஒரு கூட்டம், மாறும் உடல்களில் தொடரும் ஒரே வீரகுலம் என்னும் அமைப்பு இரண்டுக்கும் பொது. வீரர்கதை தனித்திருந்து வாசிப்பதைவிடக் கூடி ஏற்று நடப்பதையே நாடும் கதைவகை என்பதற்கு, ஒன்றையொன்று அறியாத இவ்விரு வழக்கங்களும் வலுவான சான்றுகள்.

மன்னார்க் கூத்து இசையாலும் ஆட்டத்தாலும் இரு பாங்கினது. யாழ்ப்பாணத்து மெட்டுகளைத் தழுவியது வடபாங்கு. மாதோட்டத்துக்கே உரியது தென்பாங்கு, அல்லது மாதோட்டப் பாங்கு. குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று அரசரின் கதையைச் சொல்லும் 'மூவிராசாக்கள் நாடகம்', கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அரசகுமாரியை மாதா காத்த கதையான 'ஞானசவுந்தரி நாடகம்' ஆகியன இக்கரையில் பெரிதும் விரும்பப்பட்டவை.

இவை அச்சேறியமைக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்குத் தமிழுலகம் என்றும் கடமைப்பட்டுள்ளது. 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும், 'ஞானசவுந்தரி நாடகம்' 1967இலும் அவரது பதிப்பாக வெளிவந்தன. 1990இல் போர் தீவைச் சூழ்ந்து மக்கள் மடுவுக்கும் இராமேசுவரத்துக்கும் சிதறியபோது, பாடுபவரும் ஆடுபவரும் கூடிப் பழகும் நெடிய இரவுகள் ஊர்களுக்கு இல்லாமற்போயின; அச்சிட்ட நூல் எஞ்சியது. அந்நூலில் பாட்டின் மேலே விருத்தம், தரு என்று வகை குறிக்கப்பட்டிருக்கும், மெட்டு குறிக்கப்பட்டிருக்காது. எம்பரதோரின் வரவை இன்று பாட விரும்பும் இளைஞர், ஒரு காலத்தில் அதைப் பாடியவரையோ விடியும்வரை விழித்திருந்து கேட்டவரையோ தேடிச் சென்று, அவர் பாட ஒவ்வோர் அடியாகத் திருப்பிப் பாடியே அதைப் பெற வேண்டியுள்ளது.