செனானுக்கு ஒரு திருத்தம்



வகுப்பில் செனானை "மந்த வாயு, யாரோடும் சேராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். "இதனால என்ன சார் பிரயோஜனம்?" என்று கேட்ட பையனை உட்காரச் சொன்னேன். தப்பு என்னுடையது.

1898இல் லண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்த வாயு அது. கிரேக்கத்தில் 'அந்நியன்' என்று பொருள். 1962இல் பார்ட்லெட் அதையும் சேர்மமாக்கிவிட்டார். அதையாவது சொன்னேனா, நினைவில்லை.

1980களின் தொடக்கத்தில் பாரிஸில் ஃப்ரெஸ்ஸார்டும் இட்டோவும் செனானை ஜியோலைட்டின் நுண்துளைகளுக்குள் அனுப்பி, ஸ்கேனில் பயன்படும் அதே காந்த ஒத்ததிர்வு முறையில் பார்த்தார்கள். செனான் பெரிய அணு. சுவரில் மோதும்போது அதன் எலக்ட்ரான் மேகம் நசுங்கும், அதிர்வெண் நகரும். துளை குறுகக் குறுக நகர்வு கூடும். பிறகு சிலிக்காவுக்கும் அதே வழி. செருப்புப் பெட்டியில் சிறு பொட்டலமாக வருமே சிலிக்கா ஜெல், அதன் துளைகள் சில நானோமீட்டர்தான். சுவரோடு வினைபுரியாததால்தான் செனானை உள்ளே அனுப்ப முடிகிறது.

அந்தப் பையன் இதைப் படிக்கிறாயாப்பா?